கையில் கொடுக்காத கத்தரிக்கோல்

பிள்ளைகளே, உங்களில் மூத்தவள் வருகிற வாரம் சென்னைக்குப் போகிறாள். டாக்டர் படிப்புக்கு ஆள் எடுக்கிறவர்கள் அவளைக் கூப்பிட்டு நேரில் நிறுத்திக் கேள்வி கேட்கப் போகிறார்கள். கொஞ்ச நாளாக வீட்டில் இதே பேச்சுதான். சின்னவர்கள் இரண்டு பேரும் ஈர்க்குச்சியை வளைத்து மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, பெரிய டாக்டர் மாதிரி அவளைக் கேள்வி கேட்டு உயிரை எடுக்கிறீர்கள். நேற்று அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பா, நீங்க கம்பவுண்டர் வகுப்புக்குப் போனீகளே, அதுக்கு எப்படித் தயார் பண்ணுனீக?" என்று கேட்டாள்.

வாயால் சொன்னால் பாதியில் உங்கள் அத்தை வந்து, "அப்படி இல்லண்ணே" என்று கதையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். மாமாவும் கூட இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் மூத்தவள் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

போடிக்கு ரயில் வந்து ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. யுத்த காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்து ஏற்றிக்கொண்டு போனதை நீங்கள் பார்த்தீர்களே, அதே ரயில்தான். அந்த வருஷம் கருது அறுக்கும்போது அரிவாள் நழுவி என் கணுக்காலைப் பதம் பார்த்துவிட்டது. என் அய்யா, உங்கள் தாத்தா, வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒருவர் என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, கழுவி, மருந்து போட்டு, துணியைச் சுற்றிக் கட்டினார். அவர் டாக்டர் இல்லை. கட்டுப் போடுகிற டிரெசர். சுற்றுக்கு மேல் சுற்றாக அந்தத் துணி ஒரு சுருக்கமில்லாமல் ஏறி வந்ததை நான் வலியை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டு அவிழ்க்கிற நாளில் அவரிடமே கேட்டேன். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியை ஒட்டி ஒரு வைத்தியப் பள்ளிக்கூடம் இருக்கிறது, கம்பவுண்டர் வேலையும் டிரெசர் வேலையும் அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள், எட்டாவது தேறியவன் போகலாம், ஆனால் சும்மா சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், ஆளை நிறுத்திச் சோதிப்பார்கள் என்றார்.

அய்யாவிடம் சொன்னேன். அவர் தேவாரம் ஊருக்கு வெளியே ஒரு கிணற்றையும் கொஞ்சம் மானாவாரியையும் வைத்துக்கொண்டு எங்களை வளர்த்தவர். வளவளவென்று பேச மாட்டார்.

"போயிட்டு வா. எடுத்துக்கிட்டாகன்னா படி. எடுக்கலைன்னா சித்திரையில மலை ஏறிரு. ஏலக்காத் தோட்டத்துல கணக்கு எழுத ஆள் கேட்டாக. உன்னைத்தான் சொல்லி வச்சிருக்கேன்."

"அடுத்த வருஷமும் ஒரு தடவை..."

"அடுத்த வருஷம் நீ மலையில இருப்ப."

அவ்வளவுதான். எங்கள் ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் தெரிகிற அதே மலைதான். ஏறினவர்கள் திருவிழாவுக்கு ஒரு தரம் இறங்குவார்கள். இறங்குகிறவர்களில் பாதிப் பேருக்குப் பல் கிட்டுகிற காய்ச்சல் இருக்கும். எனக்கு மலை ஏறப் பயம் இல்லை. காய்ச்சலோடு இறங்குகிறவனுக்கு மருந்து கலந்து கொடுக்கிற ஆளாக இருக்க வேண்டும் என்று ஆசை. இருந்தது ஒரே ஒரு சந்தர்ப்பம். கிடைத்துவிடும் என்றுதான் அன்றைக்கும் நினைத்தேன். எனக்குக் கை நிதானம் உண்டு. செக்கு எண்ணெயைப் புனல் இல்லாமல் சின்ன வாய்ச் சீசாவில் ஊற்றுவேன், ஒரு சொட்டு வெளியே போகாது. கன்று ஈனுகிற மாட்டுக்குப் பக்கத்தில் நின்றவனுக்கு இரத்தத்தைக் கண்டு மயக்கம் வருமா?

ஆனால் சோதனை என்றால் என்ன சோதனை? அதைத் தெரிந்தவர் எங்கள் வட்டாரத்தில் ஒரே ஒருவர். அவர்தான் உங்கள் மாமா. என் தாய்மாமன் மகன், எனக்கு ஒரு வயசு மூத்தவர். முந்தின வருஷம் அதே பள்ளிக்கூடத்துக்குப் போய், தேறாமல் திரும்பி வந்தவர். தேறாதவரிடம் போய்ப் பாடம் கேட்டாயா என்று சிரிக்காதீர்கள். தேறினவர் யாரும் இல்லை. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் அவர் ஒருவர்தான்.

அவருக்கு அந்த வேலை கிடைத்திருந்தால் உங்கள் அத்தையைக் கட்டிக்கொடுப்பதாக இரண்டு வீட்டிலும் பேச்சு இருந்தது. கிடைக்கவில்லை. பேச்சும் அப்படியே நின்றுபோனது. அத்தை அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பதிலாக அவரைக் கண்ட இடத்தில் எல்லாம் கிண்டல் பண்ணினாள்.

"மச்சான், உங்களை ஏன் வேண்டாம்னு சொன்னாக? இன்னைக்காவது தெரிஞ்சதா?"

ஒவ்வொரு தரமும் அவர் ஒரு காரணம் சொல்வார். உள்ளே நுழையும்போது எவனோ தும்மினான் என்பார். மறுநாள் கேட்டால், டாக்டர் அன்று வீட்டில் கோபித்துக்கொண்டு வந்திருந்தார் என்பார். கடைசியில் மீசையில் வந்து நின்றார். அவருக்கு அப்போது முறுக்கு மீசை. மருந்தில் மயிர் விழுந்துவிடும் என்று டாக்டர் நினைத்திருப்பார், அதுதான் காரணம், வேறு காரணம் கிடையாது என்று முடிவு கட்டி அதை மழித்துவிட்டார். என்னையும் விடவில்லை. எனக்கு அப்போதுதான் அரும்பு கட்டியிருந்தது. அதையும் எடுக்க வைத்தார். அத்தை எங்கள் இரண்டு பேரையும் சேர்ந்தாற்போல் பார்த்துவிட்டு, "ஆத்தா, இங்கன ரெண்டு உரிச்ச வெங்காயம் வந்திருக்கு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

சோதனை மூன்று வகை என்றார் மாமா. முதலில் இங்கிலீஷில் எழுதின சீட்டை வாசிக்கச் சொல்வார்கள். அதன்படி தராசில் நிறுத்து, சீசாவில் ஊற்றிக் காட்ட வேண்டும். இரண்டாவது, காயத்தைக் காட்டுவார்கள், முகத்தைத் திருப்பாமல் பார்க்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். டாக்டர் ஆபரேஷன் பண்ணுகிற மாதிரி நிற்பார். பக்கத்தில் தட்டில் கத்தி, கத்தரிக்கோல், ஊசி, இடுக்கி எல்லாம் கிடக்கும். எதைக் கேட்கிறாரோ அதைக் கேட்ட மாத்திரத்தில் எடுத்துத் தர வேண்டும்.

"மாப்ள, நான் ஒண்ணையும் மாத்தி எடுக்கலை. கத்தின்னா கத்தி, ஊசின்னா ஊசி. டக்கு டக்குன்னு எடுத்து வச்சேன். அந்த மனுசன் என்னமோ டிக்கெட் கேக்குறவரு மாதிரி கையை நீட்டிக்கிட்டே நின்னாரு. அப்புறம் போகச் சொல்லிட்டாரு. மீசையைத் தவிர வேற என்னத்தைச் சொல்றது?"

முதல் இரண்டும் எனக்குக் கவலை இல்லை. மூன்றாவதுக்கு மூன்று பேரும் சேர்ந்து களத்தில் பயிற்சி பண்ணினோம். அறுப்பு முடிந்து களம் சும்மா கிடந்தது. உச்சி வெயில் தாழ்ந்ததும் சாக்கை விரித்து மாமா படுத்துக்கொள்வார். அவர்தான் நோயாளி. அத்தை டாக்டர். நான் கையாள். எனக்குப் பக்கத்தில் ஒரு முறம். அதில் பாக்குவெட்டி, சின்னக் கத்தி, கோணி ஊசி, அடுப்பங்கரை இடுக்கி. எனக்கும் அத்தைக்கும் நடுவில் ஓலையில் முடைந்த ஒரு கடகப் பெட்டியைக் கவிழ்த்து வைத்திருப்போம். அவள் கேட்பாள். நான் முறத்தைப் பார்க்காமல், விரல் தடவலிலேயே சாமானைக் கண்டுபிடித்து எடுத்து, பெட்டியின் மேல் வைப்பேன். அவள் அங்கிருந்து எடுத்துக்கொள்வாள்.

"பாக்குவெட்டி!"

டொக்.

"ஊசி!"

டொக்.

"ஏ புள்ள, மெதுவாடி, குடலை எடுத்துராத" என்பார் மாமா, படுத்த வாக்கில்.

"உங்க வயித்துல குடல் எங்க இருக்கு மச்சான், மதியம் தின்ன கம்மஞ்சோறுதான் இருக்கு. நோயாளி பேசக்கூடாது. வாயை மூடுங்க. அண்ணே, கத்தி!"

டொக்.

சத்தத்தை வைத்தே வேகத்தைக் கணித்தோம். சொல் முடிவதற்குள் டொக் கேட்டால் நல்லது. பிறகு மாமா என் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டார். அதிலும் தவறவில்லை. கடைசி நாட்களில் அத்தை வேண்டுமென்றே இரண்டு மூன்று பெயரைச் சேர்த்துச் சொல்வாள், நான் வரிசை தப்பாமல் வைப்பேன். "இவனை எடுக்கலைன்னா அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் நட்டம்" என்றார் மாமா. எனக்கும் அதே எண்ணம்தான்.

ஒருநாள் பயிற்சி முடிந்து மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். மாமா ஒரு கையில் வெங்காயத்தை வைத்துக்கொண்டு மறு கையை அத்தையிடம் நீட்டி, "கொஞ்சம் உப்பு" என்றார்.

"கையில உப்பு வாங்குவீகளா? நமக்குள்ள சண்டை வரணும்னு ஆசையா?" என்று சொல்லி, உப்பை அவர் வட்டிலின் ஓரத்தில் வைத்தாள்.

"இப்ப மட்டும் என்ன கொஞ்சிக்கிட்டா இருக்கோம்?"

"அது சும்மா. இது நெசமாவே வந்துரும்."

உங்களுக்கும் இது தெரியும். நம் வீட்டில் உப்பு, மிளகாய், ஊசி, கத்தி எதையும் யாரும் யார் கையிலும் கொடுப்பதில்லை. கீழே வைப்போம், வேண்டுகிறவர் எடுத்துக்கொள்வார். கையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் பகை வரும். நடக்கப் பழகும்போதே பழகிவிடுகிற காரியம் இது. அன்று நாங்கள் மூன்று பேரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம். களத்தில் கவிழ்ந்து கிடந்த கடகப் பெட்டியை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

புறப்படுவதற்கு முந்தின சனிக்கிழமை ஆத்தா என்னைக் குச்சனூர் சனி பகவான் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் எள் விளக்குப் போட்டாள். காக்கை சோறு எடுக்கிற வரைக்கும் நகர விடவில்லை. அன்றைக்குக் காக்கைகளுக்கு எங்கேயோ விருந்து போலிருக்கிறது. வெகு நேரம் கழித்து ஒன்று வந்து ஒரு பருக்கையைக் கொத்திவிட்டுப் போனது. "போதும், எடுத்திருச்சு" என்றாள் ஆத்தா. போன வருஷம் மாமா தேறாததற்கு, அவர் குச்சனூருக்குப் போகவில்லை என்பது அவளுக்கு ஒரு காரணம். அதை அவரிடம் சொல்லவில்லை, எங்களிடம் சொன்னாள்.

போடியில் வண்டி ஏறினேன். மதுரை போய்ச் சேர்கிற வரைக்கும் கத்தி, ஊசி, இடுக்கி என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். எதிரே இருந்தவர் நான் சாணை பிடிக்கிறவன் என்று நினைத்து, தன் மகளின் கல்யாணத்துக்கு அரிவாள்மனை வாங்க வேண்டும், எந்த ஊர் இரும்பு நல்லது என்று கேட்டார்.

அந்தப் பள்ளிக்கூடத்து நடையில் நிறையப் பேர் நின்றிருந்தார்கள். டவுன் பையன்கள் சிலர் செருப்பும் கோட்டும் போட்டிருந்தார்கள். நான் வேட்டியும் சலவைச் சட்டையும். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. சீட்டைக் கொடுத்தார்கள், வாசித்தேன். நிறுக்கச் சொன்னார்கள், நிறுத்தேன். சின்ன வாய்ச் சீசாவில் ஊற்றச் சொன்னார்கள். அங்கே புனல் இருந்தது. "அது இல்லாமல் ஊற்றட்டுமா?" என்று கேட்டேன். நின்றிருந்த கம்பவுண்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சரி என்றார். ஊற்றினேன். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. பிறகு ஒருவருடைய காலில் இருந்த ஆறாத புண்ணைப் பிரித்துக் காட்டினார்கள். முகத்தைத் திருப்பாமல் பார்த்தேன். அவருக்கு வலிக்கிறதா என்றும் கேட்டேன். "கேட்டதுக்கே பாதி போச்சு தம்பி" என்றார் அந்த மனிதர்.

அதுவரைக்கும் நேராகத்தான் போனது. மூன்றாவது அறைக்குள் கூப்பிட்டார்கள்.

உயரமான மேஜையில் தலையணையைத் துணியால் சுற்றி நோயாளி மாதிரி கிடத்தியிருந்தார்கள். டாக்டர் அதன் மேல் குனிந்து நின்றார். நடுவயசுக்காரர். நல்ல தமிழர்தான், ஆனால் பேச்சு எங்கள் பக்கத்துப் பேச்சு இல்லை. அவருக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சேலையில் ஒரு நர்ஸ் அம்மாள். இந்தப் பக்கம் தட்டு. அதற்குப் பின்னால் நான்.

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. தலையணையைப் பார்த்தபடியே வலது கையை என் பக்கம் நீட்டி, "கத்தரி" என்றார்.

சொல் முடிவதற்குள் எடுத்தேன். அவர் கைக்குப் பக்கத்தில் மேஜை ஓரத்தில் வைத்தேன். டொக். களத்தில் கேட்டதைவிட நல்ல சத்தம்.

கை அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது.

"கத்தரி" என்றார் மறுபடியும்.

வைத்ததை அவர் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று, அதை எடுத்து இன்னும் கிட்டத்தில் வைத்தேன். டொக்.

கை மூடவில்லை. டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது, அலுத்துப்போன பார்வை. "சரி, நீ போகலாம்" என்று சொல்லிவிட்டு, "அடுத்த ஆளை வரச் சொல்" என்றார் நர்ஸ் அம்மாளிடம்.

அந்த நீட்டிய கை என் கண் முன்னால்தான் இருந்தது. விரல்கள் விரிந்து, உள்ளங்கை மேலே பார்த்து. டிக்கெட் கேட்கிறவர் கை. அப்போதுதான் மாமா சொன்னது காதில் விழுந்தது. கூடவே, உப்புக்கு நீட்டின அவருடைய கையும், அதில் போடாமல் வட்டில் ஓரத்தில் வைத்த அத்தையின் விரலும் நினைவுக்கு வந்தன. களம், சாக்கு, கடகப் பெட்டி எல்லாம் ஒரு சேர விளங்கிவிட்டது. இத்தனை நாள் பயிற்சியில் ஒரு தரம்கூட நாங்கள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு எதையும் கொடுக்கவில்லை.

நான் நகரவில்லை.

"ஐயா, நீங்க கையிலயா கேட்டீக?"

"பின்னே காலிலயா கேட்பாங்க?"

"எங்க ஊர்ல கத்தி, கத்தரியைக் கையில குடுக்க மாட்டோம்யா. வச்சிருவோம். எடுத்துக்கிடுவாக. கையில குடுத்தா ரெண்டு பேருக்கும் சண்டை வந்துரும்னு..."

டாக்டர் நர்ஸ் அம்மாளைப் பார்த்தார். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எங்க வீட்டிலயும் அப்படித்தான் டாக்டர். நானும் வந்த புதுசுல வச்சவதான். பழைய சிஸ்டர் என் கையில ஒரு அடி போட்டாங்க" என்றார்.

டாக்டர் மேஜையை விட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு என்னிடம், "இங்கே வா. நான் எதைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்?" என்றார்.

"தலகாணியைங்கய்யா."

"அது தலகாணி இல்லை, வயித்தைத் திறந்து போட்டிருக்கிற ஆள். என் கண்ணை அதை விட்டு எடுக்கக்கூடாது. நீ அங்கே வச்சா நான் கண்ணை எடுத்துத் தேடணும். நான் தேடிக்கிட்டிருந்தா அவன் கதி என்ன? கையில வந்து விழணும். விழுந்தது எதுன்னு என் உள்ளங்கைக்குத் தெரியணும்."

"இப்பத் தெரியுதுங்கய்யா. இன்னொரு தடவை கேளுங்க."

"சண்டை வருமே?"

"வந்தா பாத்துக்கிடலாம்யா."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்கு முன்பே குனிந்துகொண்டு, கையை நீட்டி, "கத்தரி" என்றார்.

என் கை தட்டில் இருந்து எழும்பி வந்தது. அவருடைய கைக்கு மேலே வந்ததும் ஒரு கணம் தயங்கியது. அது பயம் இல்லை. பிறந்ததிலிருந்து போகாத பாதை, அவ்வளவுதான். வளையம் அவர் பக்கம், முனை என் பக்கம் இருக்கும்படி திருப்பி, உள்ளங்கையில் பதிய வைத்தேன். பட் என்று சத்தம் கேட்டது. விரல்கள் மூடிக்கொண்டன.

"கத்தி." பட்.

"இடுக்கி." பட்.

"ஊசி." ஊசிக்கு மட்டும் மனசுக்குள் ஆத்தாவை நினைத்துக்கொண்டேன். பட்.

பிறகு அவர் வேகத்தைக் கூட்டினார். அத்தை சேர்த்துச் சேர்த்துச் சொல்வாளே, அதற்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. நான் தட்டைப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் நிமிர்ந்து, "எங்கே பழகினே?" என்று கேட்டார்.

"களத்துலங்கய்யா. எங்க மச்சானைப் படுக்கப் போட்டு. அவரு போன வருஷம் இங்க வந்தவரு. அவரும் எல்லாத்தையும் வச்சிருக்காருங்கய்யா. அவருக்கும் கை நல்ல கை."

டாக்டர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "அந்த மாதிரி வச்சவங்க வருஷா வருஷம் வர்றாங்க. கேட்டது காதில் ஏறலைன்னு நெனச்சு அனுப்பிக்கிட்டிருந்தேன்" என்று நர்ஸ் அம்மாளிடம் சொன்னார். பிறகு என்னிடம், "உன் மச்சானை அடுத்த வருஷம் வரச் சொல். இனிமே முதல்லயே சொல்லிடுறோம், கையில கொடுக்கணும்னு" என்றார். அன்று சாயங்காலமே பெயர்களை வாசித்தார்கள். என் பெயரும் இருந்தது.

மூத்தவளே, இதில் உனக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் உண்டு. அங்கே யாராவது கையை நீட்டி, எதற்கு என்று உனக்கு விளங்காவிட்டால், வாயைத் திறந்து கேள். கேட்டதற்காக யாரும் உன்னை மலைக்கு அனுப்ப மாட்டார்கள்.

மறுநாள் போடியில் இறங்கி, ஊருக்கு வருகிற மாட்டுவண்டியில் ஏறிக்கொண்டேன். ஊர் எல்லையில் மாமா நின்றிருந்தார். வண்டி நிற்பதற்குள், "ஏலே மாப்ள, என்னாச்சு?" என்றார்.

"எடுத்துக்கிட்டாக மச்சான்."

அவர் என்னைத் தூக்கி இறக்கினார். "நான் சொல்லலை? மீசைதான்! மீசையை எடுத்தோம், காரியம் முடிஞ்சது!"

நடந்ததைச் சொன்னேன். நீட்டிய கையைச் சொன்னேன். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. வண்டிப்பாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்தேன். ரொம்ப நேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேலுதட்டைத் தடவினார்.

"அப்ப என் மீசை மேல ஒரு குத்தமும் இல்லையா?"

"இல்ல மச்சான்."

"அடப்பாவி மனுசா, கையில குடுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா! அநியாயமா சிரைச்சேனே!"

அடுத்த வருஷம் வரச் சொன்னதையும் சொன்னேன். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அய்யாவிடம் நான் சொல்ல வேண்டியதையும் அவரே சொன்னார். அய்யா, "சரி. மலையில வேற ஆளைப் பாத்துக்கிடச் சொல்றேன்" என்றார். அவருக்கு அது பெரிய பேச்சு.

மாமா பொறுக்க மாட்டாமல் அப்போதே பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டு அத்தையின் முன்னால் போய் நின்றார். "ஏ புள்ள, கையை நீட்டு. பழகணும்."

அத்தை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "ஆஸ்பத்திரியில என்னமும் பண்ணிக்கிடுங்க. என்கிட்ட வேணாம். அங்கன கீழ வைங்க."

"பரீட்சைக்குத்தான புள்ள?"

"அண்ணனோட பழகுங்க. என்கூட சண்டை வந்தா உங்களுக்குப் பரவாயில்லையா?"

மாமா பாக்குவெட்டியைக் குனிந்து தரையில் வைத்தார். அடுத்த வருஷம் அவர் போனதும், தேறியதும், திரும்பி வரும்போது மீசை பழையபடி முறுக்கியிருந்ததும், அந்த வைகாசியில் கல்யாணம் ஆனதும் உங்களுக்குத் தெரிந்த கதை. இன்றைக்கும் அத்தை வீட்டில் அவர் கத்தியைக் கீழேதான் வைக்கிறார். ஆஸ்பத்திரியில் அவர் கையிலிருந்து கத்தி வருகிற வேகத்தைப் பார்க்க வேண்டுமே!

அன்று பொழுது சாய மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். தரையில் கிடந்த பாக்குவெட்டியை எடுத்து மடியில் செருகியிருந்தேன். தொழுவத்தில் வேறு ஆள் இல்லை. மாடுகள் வைக்கோலை இழுத்துக்கொண்டிருந்தன. நான் இடது கையை எனக்கு முன்னால் நீட்டினேன், உள்ளங்கை மேலே பார்க்க. வலது கையால் பாக்குவெட்டியை எடுத்து, பிடியைத் திருப்பி, அதில் வைத்தேன். அந்த ஒரு கணத் தயக்கம் அப்போதும் இருந்தது. வலதை நீட்டி, இடதால் வைத்தேன். தயங்காமல் வந்து பட் என்று விழுகிற வரைக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். பிறகு பாக்குவெட்டியைத் துண்டில் துடைத்து மடியில் செருகிக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் எடுத்து வைத்தேன்.